போத்தல் மூச்செடுக்கும் நேரம்

கத்தியின் நுனி மெழுகின் விளிம்பில் நிற்கிறது. சுவாலையில் காட்டிச் சூடாக்கிய கத்தி. இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் போத்தலின் கழுத்தைப் பிடித்திருக்கின்றன. காய்ச்சல்காரரின் நாடியைப் பார்க்கிற அளவுக்குத்தான் அழுத்தம். வலது கை ஒரு நெல்லளவு மெழுகைச் சீவி எடுக்கிறது, துணியில் துடைக்கிறது, கத்தியை மறுபடி சூடாக்குகிறது. மெழுகு ஒருகாலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது காய்ந்த ஈரலின் நிறம். ஒரு போத்தலின் மெழுகைக் கழற்ற முக்கால் மணித்தியாலம் ஆகும். அந்தக் கைகள் ஒருநாளும் நாற்பது நிமிடத்தில் முடித்ததில்லை.

யன்னலுக்கு வெளியே பனியை மிதித்துக்கொண்டு சப்பாத்துகள் போகின்றன. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் இருக்கும் அந்த நிலவறையின் யன்னல் வீதி மட்டத்தில் இருக்கிறது. போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரியும். முகமில்லாத ஆட்கள் காலை தொடங்கிப் பொழுதுபடும்வரை போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் கைகளுக்குரிய பெண், யோசெப்பின், நிமிர்ந்து பார்ப்பதில்லை. "தபால்காரன் இண்டைக்கு நொண்டுறான்" என்பார், குனிந்தபடியே. கொஞ்ச நேரத்தில் தபால்காரர் நொண்டிக்கொண்டு படியிறங்கி வருவார்.

ஐம்பத்து நான்கு வயது. திருகோணமலையில் பிறந்தவர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டை, அதற்குமேல் ஒரு நீல ஏப்ரன். மொன்றியலுக்கு வந்த புதிதில் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் சின்ன வைன் போத்தல்களைத் தள்ளுவண்டியில் அடுக்குகிற வேலை. மூடியைத் திறக்காமலே, "இது பழுதாப்போச்சு" என்று ஒதுக்கி வைப்பார். சோதித்துப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தக் கதை எப்படியோ ஸ்பெயினின் சிவப்பு வைன்களை இறக்குமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தின் முதலாளிக்கு எட்டியது. ஏழு வருடமாக யோசெப்பின் அவருடைய நிலவறையில் இருக்கிறார்.

வேலை இதுதான். வைனின் உயிர் தக்கையில் இருக்கிறது. முப்பது நாற்பது வருடத்தில் தக்கை இற்றுவிடும். வைன் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், குறைந்த இடத்தைக் காற்று பிடிக்கும், காற்றுப் பிடித்த வைன் செத்துப்போகும். அதற்கு முன்னால் பழைய தக்கையை எடுத்து, குறைந்ததை நிரப்பி, புதுத்தக்கை அடைக்க வேண்டும். மற்றவர்கள் புது வைனை ஊற்றி நிரப்புவார்கள். யோசெப்பினுக்கு அது பிடிக்காது.

"கிழவன்ர உடம்புக்குப் பெடியன்ர ரத்தம் ஏத்தினா, பேந்து அது ஆரின்ர ஆள்?"

அதனால் அவர் போளை போடுவார். பெடியள் மண்ணில் குழி தோண்டி அடிக்கிற அதே கண்ணாடிப் போளை. நிறமில்லாதது, பாற்சட்டியில் அரை மணித்தியாலம் கொதித்தது. போத்தலைச் சரித்து, அடியில் இருக்கும் மண்டி கலங்காமல், ஒவ்வொன்றாகக் கண்ணாடிச் சுவரோடு உருட்டி இறக்குவார். போளை இடத்தைப் பிடிக்க, வைன் கழுத்துக்கு ஏறும். ஒரு சொட்டுக்கூட அந்நியம் சேராது. மகள் றோசலின் சின்ன வகுப்பில் படித்தபோது பாடசாலைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'போத்தலுக்குப் போளை போடுவது' என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுத்திருந்தாள். ரீச்சர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, குரலைத் தாழ்த்தி, "எல்லாம் சுகம்தானே?" என்று விசாரித்தார்.

ஸ்பெயினின் எந்தப் பகுதியையும் யோசெப்பின் கண்ணால் கண்டதில்லை. மூக்கால் எல்லா இடமும் போய்வந்திருக்கிறார். பழைய றியோகா வைன் அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடந்தது. திறந்தால் தேங்காய்ப்பூ வறுக்கிற மணம். அது 'தேங்காய்க்காரன்'. பிறியோராத் மலைச்சரிவில் கறுப்புக் கல்லைப் பிளந்துகொண்டு வேர்விட்ட கொடியின் வைன் 'கல்லுக்காரன்'. வெயிலில் வதங்கிய பழம் மணக்கும் ஹுமில்லா, 'வெயில்காரி'. அது மட்டும் ஏன் பெண் என்று கேட்டால் அடுத்த போத்தலை எடுப்பார். தோரோவின் தடித்த கறுஞ்சிவப்பு வைன் 'இரும்புக்காரன்'. "நாக்கில ஆணி வைச்ச மாதிரி" என்பார். றியோகாவின் ஒரு வைன் ஆலையிலிருந்து வந்த கோட்டுப் போட்ட மனிதரிடம் தேங்காய்க் கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு கிளாசை எடுத்து மறுபடி மணந்தார். மூன்றாவது முறை மணந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆனால் ஒரு முடறு விழுங்கமாட்டார். நாக்கில் வைத்து, எனாமல் கோப்பைக்குள் துப்பிவிடுவார். நிறுவனத்தின் வான் ஓட்டுகிற இரவிச்சந்திரனுக்கு இது ஆறாத துக்கம். யாழ்ப்பாணத்து ஆள், நாற்பது வயது, பெட்டி இறக்க வந்தால் பெட்டியின்மேல் குந்திவிடுவான்.

"ஏழு வருசமா வைனுக்க நிண்டு ஒரு சொட்டு உள்ள விடேல்ல. அக்கா, நீங்கள் மனிசியோ முனியோ?"

"நீ இந்த இடத்தில நிண்டிருந்தா தக்கையையும் சேத்து விழுங்கியிருப்பாய்."

"போளையையும்" என்பான் இரவி.

எங்கள் ஆட்களுக்குத் தம்மிலும் இளைய ஆண் என்றால் வாயில் வருவது 'தம்பி'. யோசெப்பின் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இரவியை முதல்நாளே பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். மதியாத மனிசி என்று அவன் கொஞ்சக் காலம் மனதுக்குள் வைத்திருந்தான்.

நிலவறைக்குச் சில சட்டங்கள் உண்டு. எல்லாம் யோசெப்பின் போட்டவை. வந்த போத்தலை நாலு நாள் நிமிர்த்தி வைக்க வேண்டும். வைன் நிற்கிற மட்டத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு நூல் கட்டவேண்டும். திறந்த போத்தலைத் தனியே விட்டுப் போகக்கூடாது. அடைத்து முடித்ததும் துண்டு ஒன்று எழுதிப் பின்பக்கம் ஒட்ட வேண்டும்: என்ன தேதி, எத்தனை போளை, வேறு என்ன உள்ளே போனது. உள்ளே போனது எதையும் எழுதாமல் விடக்கூடாது. ஒருமுறை தக்கைத் தூள் கடுகளவு விழுந்ததற்கு அதையும் எழுதினார். வாங்க வந்தவர் பயந்து விலையைக் குறைத்துக் கேட்டார். முதலாளி தலையில் கைவைத்தார்.

கடைசிச் சட்டம்தான் விசித்திரமானது. பழைய தக்கையைக் கழற்றும் கணத்தில் போத்தல் காற்றை உள்ளே இழுக்கும். 'ஸ்' என்று கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு சத்தம். அதை அவர் முதல் மூச்சு என்பார். அந்த நேரம் ஒருவரும் கதைக்கக்கூடாது.

"கதைச்சா என்ன நடக்கும்?" என்று இரவி கேட்டிருக்கிறான்.

"கதைச்சது உள்ளுக்குப் போயிடும். பேந்து அதோட சேத்து அடைக்கவேணும்."

இரவி சிரிக்கப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் விட்டான்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, ஒரு ஸ்பானியப் பெரியவர் கம்பளியில் சுற்றிய போத்தலோடு படியிறங்கி வந்தார். பெயர் எவாரிஸ்தோ. வயது எண்பத்தாறு. ஐம்பது வருடம் மொன்றியலில் கல் அடுக்கிச் சுவர் கட்டியவர். போத்தலில் பெயர்த்தாள் இல்லை. சுரண்டி எழுதிய ஒரு ஆண்டு மட்டும் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு.

தோரோப் பக்கத்து ஒரு கிராமத்தில், வீட்டுக்குக் கீழே தோண்டிய நிலவறையில், அவருடைய அண்ணன் செய்த வைன். முப்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் அண்ணன் தன் கையாலேயே போத்தலில் இறக்கித் தக்கை அடித்து மெழுகு வைத்தார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்த அந்த ஆவணியில் ஆட்கள் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எழுபத்தொரு வருடம் ஒரு செய்தியும் இல்லை. போன கோடையில் ஒரு வீதியோரப் பள்ளத்தைத் தோண்டினார்கள். இடுப்புப் பட்டியின் கொளுக்கியை வைத்து அண்ணனை அடையாளம் கண்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்தில் அடக்கம். கடைசியாக மிஞ்சிய இந்தப் போத்தலைக் குழிக்குள் ஊற்ற வேண்டும். வைன் போத்தலின் தோளுக்கு இறங்கிவிட்டது, மெழுகுக்குக் கீழே தக்கை இற்றுப்போயிருக்கும். விமானப் பெட்டிக்குள் கிடந்து போய்ச்சேரும்வரை இது தாங்க வேண்டும்.

"வேறு வைன் ஒரு சொட்டும் வேண்டாம், மதாம். இதில் அவன் மட்டும் இருக்க வேண்டும்."

"நான் அப்படித்தான் செய்யிறது" என்றார் யோசெப்பின், தன் சமையலறைப் பிரெஞ்சில். வைன் நின்ற மட்டத்தில் நூல் கட்டினார்.

செவ்வாய் காலை பார்த்தபோது வைன் நூலுக்குக் கீழே நின்றது. மெழுகில் வெடிப்பு இல்லை. அடியில் ஈரம் இல்லை. புதனன்று இன்னொரு நூலளவு. பன்னிரண்டு வருடத்தில் இறங்க வேண்டியது பன்னிரண்டு மணித்தியாலத்தில் இறங்கியது. வியாழக்கிழமை இரவி வந்து கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"ஒழுகுதோ?"

"இல்லை. ஆரோ வாய் வைக்கினம்."

"ஐயோ அக்கா, நான் இல்லை."

"நீ எண்டா போத்தலே இராது."

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பெரியவர் வருவதாக இருந்தது. வந்து, வாங்கிக்கொண்டு, அப்படியே விமான நிலையம் போகவேண்டும். மூன்று மணிக்கு முன்னமே மெழுகு முழுதும் கழன்றிருந்தது. யோசெப்பின் இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட கருவியைத் தக்கையின் இரு பக்கமும் மெதுவாக இறக்கினார். இரவி பெட்டியின்மேல் குந்தியிருந்தான்.

"இரவி, வாயை மூடு."

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே!"

"இனியும் கதையாதை."

தக்கை முழுதாக வந்தது. போத்தல் மூச்சை எடுத்தது.

கண்ணிமைக்கும் நேரத்தில் நிற்க வேண்டிய சத்தம் நிற்கவில்லை. ஒரு ஆள் நீருக்கடியிலிருந்து மேலே வந்து எடுக்கும் மூச்சைப் போல அது நீண்டது. யோசெப்பின் குனிந்தார். இரும்பு மணக்கும் என்று எதிர்பார்த்தார். இரும்பு இல்லை. விறகு எரிந்த போறணை அடுப்பு. கருகிய பாண் பொருக்கு. மாவும் வியர்வையும் ஊறிய சேட்டு. அந்த மணத்தோடு விடியப்புறம் வீட்டுக்குள் நுழைகிற ஆள் ஒரே ஒரு ஆள்தான். யோசெப்பின் எதையும் யோசிக்கவில்லை. வாசலில் நிழல் தட்டுப்பட்டால் கேட்பதுபோல, "அந்தோனிமுத்து?" என்று கேட்டார்.

மூச்சு நின்றது. மணமும் அந்தக் கணமே இல்லாமல் போனது. சுவரில் குளிரூட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"ஆரக்கா அது?" என்றான் இரவி.

யோசெப்பின் போத்தலின் வாயைப் பெருவிரலால் மூடிக்கொண்டார். உள்ளே போனது வெளியே வராமல் மூடினாரா, இனி எதுவும் உள்ளே போகாமல் மூடினாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"உனக்கு மணந்ததோ?"

"ஒண்டும் மணக்கேல்லை. ஆர் அது?"

"தம்பி" என்றார். ஏழு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து இரவி கேட்டது அன்றைக்குத்தான்.

மூன்று வயது இளையவன். பேக்கரியில் வேலை. தொண்ணூறாம் ஆண்டு அகதிகளாகப் பாடசாலை ஒன்றில் இருந்தபோது, ஒரு பின்னேரம் வாகனத்தில் வந்தவர்கள், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள். பிறகு ஆளும் இல்லை, உடலும் இல்லை, கடதாசியும் இல்லை. ஒவ்வொரு கார்த்திகையும் சகல ஆத்துமாக்களின் நாளுக்கு, பூசையில் வாசிக்கவென்று இறந்தவர்களின் பெயர்ப்பட்டியலைக் குடும்பங்கள் கோயிலில் கொடுக்கும். யோசெப்பினின் வீட்டுப் பட்டியலில் அந்தோனிமுத்து இல்லை. எழுதினால் நாங்களே கொன்றதுபோல் ஆகிவிடும் என்று தாய் சொல்லியிருந்தார். மொன்றியலிலும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பெயரை விட்டுவிட்டுத்தான் யோசெப்பின் எழுதிக் கொடுப்பார்.

போத்தல் காத்திருந்தது. திறந்ததை அப்படியே விடமுடியாது. எழுபது வருடத்து வைன் காற்றில் ஒரு மணித்தியாலம் நிற்காது. யோசெப்பின் போளைகளை எடுத்தார். வைன் இறங்கி நின்ற மட்டத்திலிருந்து கழுத்துவரை அளந்து கணக்குப் பார்த்திருந்தார்: இருபத்து நான்கு. ஒவ்வொன்றாக உருட்டினார். இருட்டுக்குள் கண்ணாடியும் கண்ணாடியும் தொடுகிற சத்தம் கேட்டது. பத்தொன்பதாவது போளை இறங்கியபோது வைன் நிற்க வேண்டிய மட்டத்தில் நின்றது. கிண்ணத்தில் ஐந்து மிச்சம் கிடந்தது.

"கணக்குப் பிழைச்சுப்போச்சோ?"

"ஒண்டு பிழைச்சா என்ர கண் பிழை. அஞ்சு பிழைக்காது. உள்ளுக்க இன்னும் ஏதோ இடம் பிடிச்சிருக்கு."

இரவி பெட்டியைவிட்டு எழும்பினான். "முருகா" என்றான். "அக்கா, நான் மேல போறன்." ஆனால் போகவில்லை.

புதுத்தக்கை இறங்கியது. மெழுகு ஊற்றிக் காயவைத்தாயிற்று. துண்டில் யோசெப்பின் தேதி எழுதினார், போளை பத்தொன்பது என்று எழுதினார், வேறு வைன் இல்லை என்று எழுதினார். பிறகு பேனை நின்றுவிட்டது.

"பேரை எழுதிப்போடாதேங்கோ. அந்த மனிசன் உங்களை விசர் எண்டு நினைக்கும்."

"உள்ளுக்குப் போனதை எழுதாமக் குடுக்கேலாது."

"அது என்ன போளையோ, எண்ணிக் காட்ட?"

"இரவி, இது போற இடம் சவக்காலை. குழிக்க ஊத்தப்போறார். பட்டியலில கூட எழுதாத பேரை நானே கொண்டுபோய்த் தாட்ட மாதிரிப் போயிடும்."

இரவி நிலத்தைப் பார்த்தான். சீமெந்து நிலம். "அப்ப குடாதேங்கோ" என்றான், குரலைத் தாழ்த்தி. "கை தவறிப்போச்செண்டு சொல்லுவம். நான் தட்டினதெண்டு சொல்லுங்கோ. என்னை நிப்பாட்டிப்போட்டு வானுக்கு வேற ஆள் தேடட்டும்."

யோசெப்பின் போத்தலைத் தூக்கினார். மார்பளவு உயரத்தில் பிடித்தபடி நின்றார். விரல்களை விரித்தால் போதும். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று இரவிக்குச் சொல்லத் தெரியவில்லை. யன்னலில் ஒரு சோடிச் சப்பாத்தும் ஒரு ஊன்றுபொல்லும் வந்து நின்றதை மட்டும் கண்டான்.

பெரியவர் தொப்பியில் பனியோடு இறங்கி வந்தார். கைகளை நீட்டினார். யோசெப்பின் கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், தெரியாத இடத்தில் கையால் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். மணம், பெயர், தம்பி, பட்டியல், மிஞ்சிய ஐந்து போளை. இதில் உங்கள் அண்ணன் மட்டும் இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார். பெரியவர் பெட்டியின்மேல், இரவி குந்துகிற இடத்தில், இருந்துகொண்டு கேட்டார். அவருடைய தாடை மட்டும் அசைந்தது. வைவதற்கு வாய் திறக்கிறார் என்றுதான் இரவி நினைத்தான்.

"அந்தப் பள்ளத்தில் பதினாலு பேர் கிடந்தார்கள், மதாம். பத்துப் பேருக்குப் பெயர் தெரிந்தது. மற்ற நாலு பெட்டிக்கும் இலக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அந்த நாலுக்கும் இலக்கத்தைத்தான் வாசிக்கப்போகிறார்." மூச்சு வாங்கினார். "உங்கள் தம்பி செத்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். எழுபது வருடமாக எனக்கும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பெயரை எனக்கு இரவலாகத் தாருங்கள். நாலில் ஒருவனுக்கு அதைச் சொல்லி ஊற்றுகிறேன். உங்கள் ஆள் திரும்பி வந்தால் பெயரைத் திருப்பித் தந்துவிடுகிறேன்."

யோசெப்பின் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார்.

"எனக்கு எண்பத்தாறு வயது. கொஞ்சம் கெதியாக வரச்சொல்லுங்கள்" என்றார் பெரியவர்.

இரவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். யோசெப்பின் பேனையை எடுத்து, துண்டின் கடைசி வரியில், தமிழில் அந்தப் பெயரை எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பசை தடவி, போத்தலின் பின்பக்கம் ஒட்டி, காற்றுக்குமிழி இல்லாமல் பெருவிரலால் தடவினார். பிறகு போத்தலை இரண்டு கையாலும் நீட்டினார்.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எழுத்தைப் பார்த்தார். "இதை எப்படிச் சொல்வது?"

"அந்தோனிமுத்து."

"அந்தோனியோ" என்றார் பெரியவர், போத்தலைப் பிடித்தபடி.

போத்தல் வரவில்லை. யோசெப்பினின் விரல்கள் அதன் அடியில் அப்படியே இருந்தன. "நோன், மிஸ்யூ. அந்தோனியோ எண்டால் உங்கட ஊர் ஆள். அந்தோனிமுத்து."

"அந்தோனிமூத்தோ."

"முத்து."

பெரியவர் நாக்கால் பல்செட்டைச் சரிப்படுத்திக்கொண்டார். மேலே அலுவலகத்தில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. வெளியே அவர் வந்த வாடகைக்கார் ஹோர்ன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை, உதடுகளை ஒருமுறை சத்தமில்லாமல் அசைத்துப் பார்த்தார்.

"அந்தோனிமுத்து" என்றார்.

யோசெப்பின் கையை எடுத்தார்.